உங்க டைனிங் டேபிள் கத்திக்குள்ள ஒரு சேலம் கதை இருக்கு... ஜோசையா மார்ஷல் ஹீத் தெரியுமா?

போன மாசம் ஒரு சீஸ் கத்தி வாங்கினேன். ஆன்லைன்லதான். ரீல்ஸ்ல எல்லாரும் மரப்பலகையில சீஸ், திராட்சை, பிஸ்கட் எல்லாம் அடுக்கி வெச்சு போட்டோ போடுறாங்களே, அந்த ஆசை. பார்க்க செமயா இருந்தது. நுனி ரெண்டா பிளந்து மேல்நோக்கி வளைஞ்சிருக்கும், அலகுல வரிசையா ஓட்டைகள். மூணாவது நாள் கொஞ்சம் கெட்டியான சீஸை அழுத்தினேன், கைப்பிடி தனியா, கத்தி தனியா வந்துடுச்சு.

கடுப்புதான். ஆனா அந்த உடைஞ்ச கத்தியைக் கையில் வெச்சுக்கிட்டு, ஒரு நல்ல மேஜைக் கத்தி எப்படித்தான் செய்யுறாங்கன்னு தேட ஆரம்பிச்சதுலதான் இந்தக் கதை கிடைச்சது. தேடல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துல ஆரம்பிச்சு, நம்ம சேலம் கஞ்சமலை அடிவாரத்துல வந்து நின்னது.

முதல்ல கத்தியைப் பத்தி ரெண்டு வரி. அந்தப் பிளந்த நுனி அழகுக்காக இல்ல, வெட்டின துண்டைக் குத்தி எடுத்துத் தட்டுல வைக்கத்தான். ஓட்டைகள் இருக்கிறதால மெதுவான சீஸ் அலகுல அப்பிக்காது. நல்ல கத்தியில அலகோட இரும்பு கைப்பிடிக்குள்ள வால் மாதிரி நீளமா போகும். அந்த வால் குட்டையா இருந்தாலோ, ஒட்டு சரியில்லைன்னாலோ என் கத்திக்கு நடந்ததுதான் நடக்கும். இந்த வால் பகுதியை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி ஒரு மனுஷன் கோர்ட் கோர்ட்டா அலைஞ்ச கதையில இதுக்கும் பங்கு உண்டு.

அந்த மனுஷன் பேரு ஜோசையா மார்ஷல் ஹீத்.

துணி வாங்க வந்தவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டோட தொடக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் இருந்தவர் ஹீத். சேலத்தில் அவருக்குக் கிடைத்த பதவி, வணிகப் பிரதிநிதி. நெசவாளர்களிடமிருந்து கம்பெனிக்காகத் துணி வாங்கி அனுப்புறதுதான் வேலை. பறவைகளைச் சேகரிக்கிறதுலயும் அவருக்கு ஆர்வம் இருந்தது.

துணிக்கு வந்தவர் கண்ணுல இரும்பு பட்டது. சேலத்துக்காரங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. கஞ்சமலைன்னா உங்களுக்குச் சித்தர் கோயில், அமாவாசைக் கூட்டம். ஆனா அந்த மலை முழுக்க மேக்னடைட் என்கிற இரும்புத் தாது. காந்தத்துல ஒட்டும் கறுப்புக் கல். கஞ்சமலை மட்டும் இல்ல. கோதுமலை, தீர்த்தமலை, நாமக்கல் பக்கம் தலைமலை, கொல்லிமலை வரைக்கும் இந்தத் தாது வரிசையா கிடக்குது. அந்தக் காலத்துல இந்த மலைகளைச் சுத்தி இருந்த ஊர்கள்ல ஆளுயரத்தையே தொடாத சின்ன மண் உலைகள் இருந்தன. ஆட்டுத்தோல் துருத்தியும் மரக்கரியும்தான் மூலதனம்.

அங்கே ரெண்டு வேலை நடந்தது. ஒண்ணு, கல்லுல இருந்து இரும்பு எடுக்கிறது. ரெண்டாவது, அந்த இரும்பை உருக்காக மாத்துறது. ரெண்டாவது வேலைதான் ஹீத்தை அசரவெச்சது. அவர் பிற்பாடு லண்டனில் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இதழுக்கு எழுதிய கட்டுரையில் இந்த முறையை விவரமாப் பதிவு செஞ்சிருக்கார். அதைப் படிச்சப்போ எனக்கே ஆச்சர்யம். ஏன்னா அதுல வர்ற பொருள்கள் எல்லாம் நம்ம ஊர் ரோட்டோரத்துல இன்னிக்கும் இருக்கிறவை.

இரும்பைச் சின்னத் துண்டுகளா வெட்டுறாங்க. அதைக் களிமண் மூசைக்குள்ள போடுறாங்க. நகைப் பட்டறையில பொன் உருக்கும் கிண்ணத்தை மூசைன்னு சொல்வாங்களே, அது மாதிரிதான். கூடவே காய்ஞ்ச ஆவாரங்குச்சியைச் சின்னச் சின்னதா நறுக்கிப் போடுறாங்க. மேல ஒண்ணு ரெண்டு எருக்க இலையை வெச்சு மூடி, களிமண்ணால வாயை இறுக்கி அடைக்கிறாங்க. இப்படி இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, கரி போட்டு, ரெண்டரை மணி நேரம் போலத் துருத்தி ஊதுறாங்க. ஆறினதும் மூசையை உடைச்சா அடியில ஒரு குட்டி உருக்குக் கட்டி. எடை ஒரு கிலோவைத் தாண்டாது.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். ஷெஃபீல்டுல அப்போ உருக்கு செய்யணும்னா, இரும்புக் கம்பிகளைக் கரித்தூளுக்குள்ள புதைச்சு நாள்கணக்கா, வாரக்கணக்கா சூடாக்கணும். அப்புறம் அதை உடைச்சு மறுபடி மூசையில போட்டு உருக்கணும். பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்கிற கடிகாரக்காரர் அந்த உருக்கும் முறையை 1740களில்தான் கண்டுபிடிச்சார். இங்கே ஆவாரையும் எருக்கும் வெச்சு சில மணி நேரத்துல வேலை முடிஞ்சுட்டிருந்தது. மூடின மூசைக்குள்ள செடியில இருந்து வர்ற கரியும் வாயுவும் சேர்ந்து இரும்புக்குள்ள ஏறிடுதுங்கிறது ஹீத்தின் விளக்கம்.

இந்தக் கட்டிகளுக்கு ஐரோப்பாவில் வூட்ஸ்னு பேர். 1795ல் ஜார்ஜ் பியர்சன் என்கிற மருத்துவர் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பத்தி ஆய்வு வாசிச்சார். அவருக்காக இந்த உருக்கில் ஒரு பேனாக்கத்தி செஞ்சு கொடுத்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், லண்டனில் பேர்பெற்ற கத்திக் கடைக்காரர். அதே ஸ்டோடார்ட் பிற்பாடு மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து இதே உருக்கை ஆராய்ச்சி செஞ்சார். ஆமா, ஸ்கூல் புத்தகத்துல மின்காந்தத் தூண்டல்னு படிச்சோமே, அந்த ஃபாரடேதான்.

எகிப்தியர்கள் கருங்கல்லில் சித்திர எழுத்து செதுக்கினதே இந்திய உருக்கு உளியாலதான்னு ஹீத் அந்தக் கட்டுரையில வாதாடுறார். இதுக்கு அவர் கொடுக்கிற ஆதாரம் எனக்குப் போதுமானதா தோணல. ஆனா மனுஷன் எந்த அளவுக்கு மயங்கிப் போயிருக்கார்னு புரியுது.

ஒரு விஷயம் உறுத்துது. செடியோட பேர் எழுதியிருக்கார், மூசை எண்ணிக்கை எழுதியிருக்கார், நேரம் எழுதியிருக்கார். உலைக்கு முன்னாடி வியர்வையில நின்ன ஒருத்தரோட பேர்கூட நமக்கு வந்து சேரல.

பரங்கிப்பேட்டைக்குப் போன மலை

இவ்வளவு நல்ல தாது இருக்கு, பெரிய உலை போட்டா என்ன என்பது ஹீத்தின் அடுத்த யோசனை. 1820களின் நடுவில் இங்கிலாந்து போய் இரும்புத் தொழிலைப் பார்த்துப் படிச்சார். பாதுகாப்பான கம்பெனி வேலையை விட்டார். சென்னை மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு தயாரிக்கும் தனி உரிமையை வாங்கினார். அரசாங்கமும் முன்பணம் கொடுத்தது. 1830ல் உலை எழுந்தது.

எங்கேன்னு கேட்டா சேலத்துல இல்ல. சிதம்பரம் பக்கத்துல, கடலோரத்துல, பரங்கிப்பேட்டையில!

கூகுள் மேப்பைத் திறந்து பாருங்க. கஞ்சமலையில இருந்து பரங்கிப்பேட்டை கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். அப்போ ரயில் கிடையாது. தாதுவை வண்டி மாட்டுல ஏத்திக் காவிரிக்குக் கொண்டு வந்து, பரிசல்ல இறக்கி, கொள்ளிடம் வழியா மிதக்கவிட்டுக் கொண்டு போனாங்க. ஒகேனக்கல்ல நாம செல்ஃபி எடுக்கிற அதே மாதிரி வட்டப் பரிசல், ஆனா உள்ளே இரும்புக் கல். ஆத்துல தண்ணி ஓடுற மாசங்கள்லதான் இது நடக்கும். கடலோரத்துல ஆலை வெச்சா கப்பல்ல ஏத்துறது சுலபம்ங்கிறது கணக்கு. அந்தக் கணக்குல கல்லோட எடையை அவர் சரியா போடலைன்னு எனக்குத் தோணுது.

அதைவிடப் பெரிய சிக்கல் கரி. நிலக்கரி கிடையாது. எல்லாமே மரக்கரி. சின்ன மண் உலைக்குக் காட்டு ஓரத்துல ஒடிச்ச விறகு போதும். பெரிய உலை அணையக் கூடாது, ராத்திரி பகலா தின்னும். சுத்துப்பட்டுக் காடுகள் குறையக் குறைய, கரி வர்ற தூரம் கூடிக்கிட்டே போச்சு. விலையும் கூடிச்சு. மலபார் கரையில் பேப்பூரிலும் ஒரு ஆலை போட்டாங்க. பணம் பத்தல, கடன், மறுபடி கடன்.

இத்தனைக்கும் இரும்பு மோசமில்ல. ரொம்ப நல்ல இரும்பு. பரங்கிப்பேட்டை வார்ப்பிரும்பு கப்பலேறி இங்கிலாந்து போச்சு, ஷெஃபீல்டு உருக்குக்காரங்க வாங்கினாங்க. வேல்ஸில் இருக்கும் மெனாய் தொங்குபாலமும் பிரிட்டானியா குழாய்ப் பாலமும் இந்த இரும்பில் கட்டப்பட்டவைன்னு பல இடங்கள்ல எழுதியிருக்காங்க. வாட்ஸ்அப் ஃபார்வேர்டா உங்களுக்கும் வந்திருக்கலாம். ஒரு சின்னத் திருத்தம்: மெனாய் தொங்குபாலம் திறக்கப்பட்டது 1826ல். பரங்கிப்பேட்டை உலை எரிய ஆரம்பிச்சதே 1830ல். அதனால அந்தப் பாலத்தைக் கட்டினப்போ நம்ம இரும்பு அங்கே போயிருக்க வாய்ப்பில்ல. 1850ல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்குத்தான் காலம் ஒத்துப்போகுது.

இன்னொரு தகவல் உங்களுக்குப் பிடிக்கும். சேலம் கருப்பூர் பக்கத்துல, வெள்ளைக்கல் வெட்டுற குன்றுகள்ல குரோமைட் தாதுவும் இருக்கு. ஹீத் அதையும் தோண்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அன்னிக்கு குரோமியத்துக்கு முக்கிய வேலை சாயமும் பெயின்ட்டும்தான். அதை உருக்கில் கலந்தா துருப்பிடிக்காத கத்தி வரும்னு ஷெஃபீல்டுக்காரர் ஹாரி பிரியர்லி கண்டுபிடிக்க 1913 ஆச்சு. எலுமிச்சை பட்டா கறுத்துப் போகாத, சீஸ்ல இரும்பு வாசம் ஏத்தாத மேஜைக் கத்தி அப்புறம்தான் வந்தது. இரும்புத் தாது, குரோமியம் ரெண்டுமே ஹீத்தோட கையில இருந்திருக்கு!

ஒரு சிட்டிகை மாங்கனீசு

சேலத்துல தோத்தவர் ஷெஃபீல்டுல ஜெயிச்சார்னு சொல்லலாம். ஜெயிச்சதோட பலன் அவருக்குக் கிடைக்கலைங்கிறதுதான் கொடுமை.

அன்றைய ஷெஃபீல்டின் பிரச்னை இது. நல்ல உருக்குக்கு ஸ்வீடன் இரும்புதான் வேணும். அது விலை அதிகம். உள்ளூர் பிரிட்டிஷ் இரும்பை உருக்கினா, சுத்தியல் பட்டதும் நொறுங்கும். அடுத்த பிரச்னை, மூசையில வார்த்த உருக்கைச் சாதா இரும்போட காய்ச்சி ஒட்ட முடியாது. இங்கேதான் கத்தியோட வால் வருது. மேஜைக் கத்தி முழுசையும் விலை உயர்ந்த உருக்குல செய்ய யாருக்கும் கட்டுப்படியாகாது. அலகு மட்டும் உருக்கு, கைப்பிடிக்குள்ள போற வால் சாதா இரும்பு, ரெண்டையும் சூட்டுல ஒட்டணும். ஒட்டு நிக்கலைன்னா சாப்பாட்டு மேஜையில கத்தி உடையும். என் சீஸ் கத்தி மாதிரியேதான்.

ஹீத் கண்டுபிடிச்ச மருந்து, மாங்கனீசு. உருக்கை மூசையில் போடும்போது கூடவே மாங்கனீசும் கரியும் சேர்ந்த ஒரு கலவையை, மாங்கனீசு கார்புரெட்டை, நூத்துக்கு ஒண்ணுல இருந்து மூணு பங்கு வரை போடணும். அவ்வளவுதான். உருக்கைக் கெடுக்கிற ஆக்சிஜனையும் கந்தகத்தையும் மாங்கனீசு பிடிச்சுக்கும். உருக்கு நொறுங்காது, அடிச்சா நீளும், சாதா இரும்போட ஒட்டும். 1839 ஏப்ரலில் காப்புரிமை வாங்கினார்.

ஷெஃபீல்டுல மேஜைக் கத்திக்கான நல்ல உருக்கின் விலை 30லிருந்து 40 சதவிகிதம் வரை குறைஞ்சது. பணக்கார வீட்டு மேஜையில மட்டும் இருந்த தரமான கத்தி நடுத்தரக் குடும்பத்துக்கும் வந்தது.

கொஞ்ச நாள்ல ஹீத்துக்கு இன்னும் மலிவான வழி தோணிச்சு. கார்புரெட்டைத் தனியா தயாரிச்சுப் போடுறதுக்குப் பதிலா, கறுப்பு மாங்கனீசு ஆக்சைடையும் தாரையும் நேரா மூசையில போட்டா, உள்ளேயே அது உருவாகிடும். செலவு ரொம்பக் குறைவு. இதை அவர் ஷெஃபீல்டில் தன்னோட ஏஜென்ட்டா இருந்த அன்வின்கிட்ட நம்பிக்கையாச் சொன்னார்.

அன்வின் என்ன செஞ்சார் தெரியுமா? அந்த முறையை எடுத்துக்கிட்டார், ராயல்டி கொடுக்கல. காப்புரிமைப் பத்திரத்துல கார்புரெட்னுதானே இருக்கு, நான் போடுறது ஆக்சைடும் தாரும்தானே என்பது அவர் தரப்பு. ஊரே அவர் வழியில போச்சு.

புரியுற மாதிரி சொல்றேன். சாம்பார் பொடியைக் கொதிக்கிற பருப்புல போட்டு சாம்பார் வைக்கிற முறைக்கு நீங்க காப்புரிமை வாங்கியிருக்கீங்க. பக்கத்து வீட்டுக்காரர் மிளகாய், மல்லி, வெந்தயம் எல்லாத்தையும் தனித்தனியா அதே பாத்திரத்துல போடுறார். நான் போட்டது பொடியே இல்லையேங்கிறார். அந்த ஐடியாவையும் நீங்கதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தீங்க! சாம்பார் யாருது?

இந்தக் கேள்விக்கு பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் பத்து வருஷத்துக்கு மேல பதில் தேடின. 1844ல் எக்ஸ்செக்கர் நீதிமன்றம் ஹீத்துக்கு எதிரா சொன்னது. அவர் விடல. ஒரு நீதிமன்றத்துல ஒரு மாதிரி, இன்னொண்ணுல வேற மாதிரி தீர்ப்பு. மூசைக்குள்ள அந்தக் கொதிநிலையில கார்புரெட் உருவாகுதா, இல்லையா, எப்போ உருவாகுதுன்னு வேதியியலாளர்கள் கூண்டுல ஏறிச் சாட்சி சொன்னாங்க. சேலத்துல சம்பாதிச்சது பரங்கிப்பேட்டையில போச்சு, மிச்சம் மீதி வக்கீல்களுக்குப் போச்சு.

1851ல் ஹீத் இறந்தார். கையில் காசில்லை. வழக்கும் முடியல.

அவர் போன பிறகு காப்புரிமைக் காலத்தை நீட்டிச்சாங்க, பிரபுக்கள் சபை வரைக்கும் வழக்கு போச்சு. 1855ல் கடைசித் தீர்ப்பு. கருத்துக் கேட்கப்பட்ட நீதிபதிகள்ல பெரும்பான்மை ஹீத் பக்கம் நின்னாங்க. ஆனா முடிவு சொல்ல வேண்டிய பிரபுக்கள், பத்திரத்துல எழுதினதுதான் செல்லும், எழுதாதது செல்லாதுன்னு அன்வின் பக்கம் தீர்த்துட்டாங்க. மறு வருஷமே தாமஸ் வெப்ஸ்டர் என்கிற காப்புரிமை வழக்கறிஞர் ஹீத்துக்கு நடந்ததைத் தனிப் புத்தகமாவே எழுதி வெளியிட்டார். பாதிக்கப்பட்ட கண்டுபிடிப்பாளர்னு பேசப்பட்டப்போ இங்கிலாந்துல ஹீத் பேர் அடிபட்டது அப்படித்தான்.

எனக்கு ஹீத் மேல பரிதாபம் இருக்கு. ஆனா முழுசா இல்ல. தன் யோசனைக்கு உரிமை கேட்டு அவர் படியேறினது நியாயம். அதே சமயம், ஆவாரையும் எருக்கும் வெச்சு உருக்கு செஞ்சவங்களோட அறிவுக்கு எந்தப் பத்திரமும் இல்ல, வழக்குப் போட இடமும் இல்ல. அவர் வாங்கின தனி உரிமை அவங்க ஊர் மலைமேலதான் இருந்தது. கப்பல்ல வந்த மலிவான ஆங்கிலேய இரும்பும், காட்டு விறகுக்கு வந்த கட்டுப்பாடுகளும் சேர்ந்து அந்த மண் உலைகளை ஒவ்வொண்ணா அணைச்சன. அந்த நூற்றாண்டு முடியுறதுக்குள்ள தொழிலே கிட்டத்தட்ட முடிஞ்சுபோச்சு.

பரங்கிப்பேட்டை கதை அவருக்குப் பிறகும் கொஞ்சம் ஓடிச்சு. 1853ல் ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனின்னு புதுசா ஒண்ணு வந்தது. அவங்களுக்காவது புத்தி வந்து, காவிரிக் கரையில பூலாம்பட்டியிலயும் திருவண்ணாமலைப் பக்கமும் உலை போட்டாங்க. எடப்பாடிக்காரங்க ஞாயித்துக்கிழமை படகு சவாரிக்குப் போற அதே பூலாம்பட்டிதான். அதுவும் நிக்கல. 1860களில் உலைகள் அணைஞ்சன, 1874ல் கம்பெனியையே கலைச்சுட்டாங்க.

1970ல் இந்திரா காந்தி கஞ்சமலை அடிவாரத்துல சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினப்போ, மலையில இருக்கிற தாது இனி உள்ளூர்லயே உருக்காகும்னு மக்கள் எதிர்பார்த்தாங்க. 1981ல் உற்பத்தி ஆரம்பிச்சது. வந்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு உருட்டுற ஆலை. உங்க வீட்டுத் தட்டுலயும் டம்ளர்லயும் அந்த உருக்கு இருக்கலாம். கஞ்சமலைக் கல் அதுல இல்ல. பிற்பாடு மலையில சுரங்கம் தோண்டும் திட்டம் பேசப்பட்டப்போ, சுத்தியிருக்கிற ஊர்க்காரங்க வேண்டாம்னு எதிர்த்தாங்க.

அடுத்த தடவை சித்தர் கோயிலுக்குப் போறப்போ, பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின ஒரு காந்தத்தைப் பாக்கெட்ல எடுத்துட்டுப் போங்க. மழைத்தண்ணி அரிச்ச ஓடை மணல்ல வெச்சுப் பாருங்க. கறுப்பா முள்ளு முள்ளா ஒட்டிக்கிட்டு வரும். நான் கொண்டு வந்தது ஒரு காகிதப் பொட்டலத்துல, உடைஞ்ச சீஸ் கத்திக்குப் பக்கத்துல மேஜை டிராயர்ல இருக்கு.